கொழுஞ்சிப்பட்டிக்கு எடை போட்ட நாள்

தாழம்பேட்டை இ-சேவை மையத்துப் பிரிண்டரிலிருந்து முதன்முதலாகத் தண்ணீர் கொட்டியபோது, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செவ்வந்தி செய்த முதல் காரியம், மேஜைமேல் கிடந்த அடுத்தவர்களின் ஆதார் கார்டுகளையும் ரேஷன் கார்டுகளையும் அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டதுதான். இரண்டாவது காரியம், கழிவறை வாளியைத் துடைத்துக் கொண்டுவந்து பிரிண்டருக்கு அடியில் வைத்தது. வரிசையில் நின்றவர்கள் அலறவில்லை, ஓடவில்லை. ஒரு பெண் எட்டிப் பார்த்து, "நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்று கேட்டாள். இது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று விசாரிக்க அந்த ஊரில் யாருடைய வாயிலும் ஈரம் இல்லை, ஏனென்றால் தாழம்பேட்டைக் குழாய்களில் தண்ணீர் வந்து அன்றோடு நாற்பத்தொரு நாள்.

அந்தத் தண்ணீர் வந்த வழி இது. செவ்வந்தியின் சித்தப்பா மொக்கைச்சாமி அன்று காலையில் பட்டாவுக்கு விண்ணப்பம் போட வந்திருந்தார். ஊருக்கு மேற்கே மேட்டுக் காலனியில் இருக்கும் அறுபத்துமூன்று குடும்பங்களும் கொழுஞ்சிப்பட்டிக்காரர்கள், செவ்வந்தியும் அவர்களில் ஒருத்தி. கொழுஞ்சிப்பட்டியோ இருபத்தேழு வருஷமாக அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. ஊரை மூழ்கடித்த சர்க்கார் இத்தனை வருஷம் கழித்து மனசு வந்து, காலனி மனைகளுக்குப் பட்டா தருகிறேன், ஆனி மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் விண்ணப்பம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்க வேண்டும், ஏறாத மனை யாரும் உரிமை கோராத நிலம், அது பேருந்து நிலையம் கட்டப் பேரூராட்சிக்குப் போய்விடும் என்று அறிவித்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

செவ்வந்தி சித்தப்பாவின் பெயரை அடித்தாள், தகப்பன் பெயரை அடித்தாள், பிறந்த வருஷத்தையும் சொந்த ஊரையும் அடித்து, 'தேடு' என்ற பச்சைப் பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, 'பதிவுகள் ஏதும் இல்லை' என்று நின்றது. பதிவு வந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

"அதையே அச்சடிச்சுக் குடு தாயி," என்றார் மொக்கைச்சாமி. "நான் இல்லைன்னு அது சொன்னதை நாலு பேர்கிட்ட காட்டணும்ல."

அச்சுக்குப் போட்டாள். சொட்டச் சொட்ட நனைந்து ஒரு வெள்ளைக் காகிதம் வந்தது, அதன் பின்னால் நாலு குடம் தண்ணீர் வந்தது, தண்ணீரோடு உயிருள்ள அயிரை மீன் ஒன்றும் வந்து வாளியில் துள்ளியது. அடுத்து வந்த காலனிக்காரருக்கும் பதிவு இல்லை, தண்ணீர் இருந்தது. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. தாழம்பேட்டை ஆட்கள் யாருடைய பெயரை அடித்தாலும் பதிவு வந்தது, காகிதம் மொரமொரவென்று காய்ந்து வந்தது. மூன்றே நாளில் ஊருக்குச் சூத்திரம் பிடிபட்டுவிட்டது: கொழுஞ்சிப்பட்டிக்காரன் பேரைத் தேடு, குடத்தைப் பிடி.

மனுஷனுக்குப் பழக எவ்வளவு நேரம் ஆகும்? நகரத்திலிருந்து மெக்கானிக் வந்தான், பிரிண்டரைக் கழற்றினான், உள்ளே எலும்பாகக் காய்ந்திருந்ததைப் பார்த்தான், மறுபடி மாட்டிவிட்டுத் தன் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினான். பேரூராட்சித் தலைவர் சௌந்தரபாண்டி பிரிண்டர் வாய்க்குத் தகரத்தில் ஒரு தாம்பாளம் அடித்து, அதிலிருந்து குழாய் இழுத்து, மோட்டார் வைத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றினார். எந்தப் பெயருக்கு எந்தத் தண்ணீர் என்பது பச்சைக் குழந்தைக்கும் அத்துப்படியானது. துணி வெளுக்கப் பால்ச்சாமி, பருப்பு வேக வீராயி, புதுமாப்பிள்ளை குளிக்கச் சின்னக்கருப்பன், குடிப்பதற்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒச்சம்மா. பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர், 'இங்கு ஒச்சம்மா தண்ணீரில் மட்டுமே டீ போடப்படும்' என்று போர்டு எழுதி மாட்டினார். பிரிண்டருக்கு மஞ்சள் துணி கட்டி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார்கள். மேட்டுக் காலனி ஆளுங்க என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்ட வாய்களெல்லாம் அவர்கள் பெயரை முன்னெழுத்தோடு, தகப்பன் பெயரோடு, மந்திரம்போல் மனப்பாடமாகச் சொல்லின. காலனியிலிருந்து ஒருத்தர் தெருவில் நடந்துபோனால் மட்டும் அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தண்ணீரோடு சாமான்களும் வந்தன. மூக்குத்தித் திருகாணி, கதவுக் கீல், பாக்குவெட்டி, காது உடைந்த பித்தளைத் தவலை மூடி, ஒருநாள் மாரியம்மன் கோயில் மணியின் நாக்கு. இதையெல்லாம் ஊர் தூக்கி ஓரமாக எறிந்தது, செவ்வந்தி பொறுக்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்தாள். சாயங்காலம் காலனிக்குக் கொண்டுபோய்க் காட்டினால் ஒச்சம்மா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, இது இன்னார் வீட்டுக் கீல், இது இன்னார் மகள் தொலைத்துவிட்டு அடி வாங்கிய திருகாணி என்று சொல்லிவிடுவாள். ஐம்பத்தெட்டு வயசு, பிள்ளை இல்லை, புருஷன் போய்ப் பத்து வருஷம். காலனியில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் போய் நிற்கிற கை அவளுடையது.

அந்த ஒச்சம்மாதான் ஒருநாள் மத்தியானம் மையத்து வாசலில், தொட்டிக் குழாய் வரிசையின் கடைசியில் காலிக் குடத்தோடு நின்றாள். காலனிக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. தொட்டிக் குழாயில் ஊர்க்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் காலனிக்கு என்று தலைவர் விதி வைத்திருந்தார். இவள் முறை வந்தபோது தொட்டி தீர்ந்திருந்தது.

"தம்பி," என்றாள் ஒச்சம்மா, தலைவரைப் பார்த்து. "என் பேர்ல வர்ற தண்ணிக்கு நானே கடைசியா நிக்கணுமா?"

சௌந்தரபாண்டி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் செவ்வந்திக்கு இவ்வளவு எரிந்திருக்காது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றார். "பேரூராட்சி லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல குடுக்க முடியும். நீங்க மட்டும் பதிவுக்கு வந்துட்டீங்கன்னா, மொத குடம் உங்களுக்குத்தான்."

"பதிவுக்கு வந்துட்டா தண்ணி வராதேண்ணே," என்றாள் செவ்வந்தி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது என்பது செவ்வந்திக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இல்லை என்ற பதிலுக்காகத் தன் சொந்த ஜனத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை தேடிக்கொண்டிருந்த கை அவளுடைய கைதானே.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, தலைநகரத்தில் இந்தப் படிவத்தை எழுதிய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஆறு பேரிடம் மாறி மாறிப் போய்க் கடைசியில் இலியாஸ் என்ற பையன் கிடைத்தான். பொறுமையாகக் கேட்டான், தண்ணீர் விஷயத்தைச் சொன்னபோதும், "சரிக்கா, மேல சொல்லுங்க" என்றுதான் சொன்னான்.

"எரர் வந்திருந்தா ஒரு நம்பர் விழுந்திருக்கும், அதை வச்சுப் பிடிச்சிருவேன்," என்றான். "இங்க ஒண்ணுமே தப்பா நடக்கலைக்கா. நாம கேக்கறோம், அது போயித் தேடுது, இல்லைங்குது. ரொம்ப ஒழுங்கா இல்லைங்குது."

"ஒழுங்கா இல்லைன்னு சொன்னா நாங்க இல்லாமப் போயிருவமா தம்பி?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இல்லக்கா. போக விடக்கூடாது. வாங்க, ஒண்ணு பண்ணுவோம். நான் ஒரு சோதனைப் பக்கம் திறந்து விடறேன். கேள்வில இருக்கற நிபந்தனையை எல்லாம் கழட்டிட்டு ஒண்ணொண்ணா மாட்டிப் பாப்போம். எதை மாட்டும்போது ஆள் காணாமப் போறாரோ, அங்கதான் கோளாறு."

திருவிழா சீரியல் விளக்கில் எந்த பல்பு செத்தது என்று பார்க்கிற வேலைதான் இது. செவ்வந்திக்குக் கை வந்தது. வெறும் மொக்கைச்சாமி என்று தேடினாள், ஜில்லாவில் இருநூற்றுப் பதினெட்டு மொக்கைச்சாமிகள் வந்து விழுந்தார்கள். தகப்பன் பெயரை மாட்டினாள், ஒருவர் மிஞ்சினார். அவர் சித்தப்பாதான், படத்தில் சாட்சாத் அதே மீசை. பிறந்த வருஷத்தை மாட்டினாள், இருந்தார். ரேஷன் கார்டு எண்ணை மாட்டினாள், அப்போதும் இருந்தார். சொந்த ஊர் கொழுஞ்சிப்பட்டி என்று மாட்டினாள், திரை காலியானது, பிரிண்டர் தொண்டையைக் கனைத்தது.

அதுவரை அவள் தன் பெயரை ஒருதடவைகூடத் தேடியதில்லை, யார் கேட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவாள். இப்போது தேடினாள். ஊரை மாட்டும்வரை அவளும் இருந்தாள். மாட்டியதும் இல்லை. அரைக் குடம் தண்ணீர் வந்தது, அதோடு பாதி தேய்ந்த பலப்பம் ஒன்று வந்தது. ஒன்பது வயசில், பள்ளிக்கூட ஜன்னலில், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு வந்த பலப்பம். செவ்வந்தி அதை முந்தானையில் துடைத்துக் கையில் பிடித்தபடி அழுதாள், அழுதுகொண்டே, "தம்பி, ஊர்லதான் கோளாறு" என்றாள்.

இலியாஸ் ஊரைத் தேடிப் போனான். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "அக்கா, உங்க ஊரு இறப்புப் பதிவேட்டுல இருக்கு. ஒரு ஆள் மாதிரி. பேரு, தேதி, நேரம் எல்லாம் போட்டு. சாவுக்குக் காரணம், தண்ணீர். செத்தவங்க பேரைத் தள்ளிட்டுத் தேடுன்னு இந்தக் கேள்வில எழுதியிருக்கு, அதான் ஊரோட சேர்த்து உங்க எல்லாரையும் தள்ளுது. ஊரு செத்துச்சுன்னு ஒரு வரியை யாருக்கா எழுதியிருப்பா?"

யார் எழுத வைத்தது என்று செவ்வந்திக்குத் தெரியும். அணைத் தண்ணீர் மாரியம்மன் கோயில் முதல் படியைத் தொட்ட அன்று, ஊரே மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது, முப்பத்தைந்து வயசு மொக்கைச்சாமி தலையையும் மீசையையும் மழித்து, மகன் முறைக்கு நின்று, தோளில் குடம் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி உடைத்து, ஊருக்குக் கொள்ளி போட்டார். பதினாறாம் நாள் மேட்டில் கருமாதி நடந்தது. ஆள் கணக்கெடுக்க வந்த கணக்கப்பிள்ளையைப் பந்தியில் உட்காரவைத்துக் கறிச்சோறு போட்டுவிட்டு, "எங்க ஊரு செத்துப்போச்சு, சாவுப் புஸ்தகத்துல எழுதிட்டு எந்திரிங்க" என்று சுற்றி நின்றுகொண்டார்கள். ஊர் எப்படிய்யா சாகும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அது செத்ததைக் கண்ணால் பார்த்தவர்களிடம் என்ன பேசுவது? உண்ட சோற்றுக்கு எழுதிக் கொடுத்தார். பல வருஷம் கழித்து யாரோ அந்தப் புஸ்தகத்தை வரி வரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், அந்த வரியையும் சேர்த்து.

"நான் மகனாட்டம் செஞ்சேன் தாயி," என்றார் மொக்கைச்சாமி, அன்று சாயங்காலம். "ஒரு நல்ல சாவுகூட இல்லாம அதைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு வர மனசு கேக்கல. அதுவே எல்லாரையும் முழுங்கும்னு யாரு கண்டா?"

அவரை யாரும் குறை சொல்லவில்லை. எழுதிய சாவை அழிக்க முடியுமா என்றுதான் கேட்டார்கள். செத்தவரைப் பதிவிலிருந்து எடுக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை என்று இலியாஸ் சொல்லியிருந்தான். புதிதாகப் பிறந்தால் மட்டும் ஏற்றலாம். பிறந்த தேதி செத்த தேதிக்குப் பின்னால் இருந்தால், படிவம் அதை உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

ஒச்சம்மா எழுந்து கொண்டையை இறுக்கி முடிந்தாள். "அப்ப பெத்துருவோம்," என்றாள்.

சேதி எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. ஆனி மாசக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம், அறுபத்துமூன்று குடும்பங்களும் மையத்துக்கு வந்தபோது, தாழம்பேட்டையில் பாதி ஊர் காலிக் குடங்களோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் சௌந்தரபாண்டி நின்றார்.

"செவ்வந்தி, மூவாயிரம் குடும்பம்மா," என்றார். "பச்சைப் பிள்ளைங்க இருக்கு. இதை நிறுத்திட்டா நாங்க எங்க போவோம்?"

"அறுபத்துமூணு குடும்பம் இல்லாமப் போனாத்தான் உங்க தாகம் தீரும்னா, அது தீரவே வேணாம்ணே."

"நாளையிலருந்து உனக்கு இங்க வேலை கிடையாது."

"நாளைக்குத்தானே? இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்குல்ல. வழி விடுங்க."

ஒச்சம்மா காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, முன்னால் நின்ற டீக்கடைக்காரர் காலடியில் டங்கென்று வைத்தாள். "என்னையக் காய்ச்சித்தானப்பா இத்தனை நாள் யாவாரம் பண்ணுன," என்றாள். "நகரு." அவர் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்தார். மொக்கைச்சாமி முன்னால் போக, கூட்டம் ஒருச்சாய்ந்து வழி விட்டது.

செவ்வந்தி பிறப்புப் பதிவுப் படிவத்தைத் திறந்தாள். சிவப்புப் பொட்டு வைத்த கட்டங்களை நிரப்பாமல் அது அடுத்த அடி எடுத்து வைக்காது. குழந்தையின் பெயர், கொழுஞ்சிப்பட்டி. பிறந்த தேதி, இன்று. ஆணா பெண்ணா என்று கேட்டபோது ஆம்பளைகள் ஆளுக்கொன்று பேச, ஒச்சம்மா, "அத்தனை பேருக்கும் சோறு போட்டு வளத்தது. பொண்ணுன்னு போடு" என்று முடித்துவைத்தாள். தாயின் பெயர் என்று வந்தது. அறுபத்துமூன்று வீட்டுப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் ஒச்சம்மாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "போடு," என்றாள் பிறகு, மெதுவாக. தகப்பன் பெயருக்குச் சிவப்புப் பொட்டு இல்லை, அதை அப்படியே விட்டார்கள்.

அடுத்த கட்டம், பிறந்தபோது எடை. இதற்கும் சிவப்புப் பொட்டு. மணி நாலே முக்கால். ஊருக்கு என்ன எடை போடுவது? செவ்வந்தி மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மளிகைக்கடைத் தராசைக் கொண்டுவரச் சொல்லி, கீல், திருகாணி, பாக்குவெட்டி, தவலை மூடி என்று தண்ணீர் கொண்டுவந்த அத்தனையையும் தட்டில் அடுக்கினாள். மணியின் நாக்கில் ஒச்சம்மா சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தாள், பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற மாதிரி. எல்லாம் வைத்தும் முள் நடுவில் நிற்காமல் ஆடிக்கொண்டேயிருந்தது. செவ்வந்தி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பலப்பத்தை எடுத்து மேலே வைத்தாள், அப்போது நின்றது. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

"நல்ல எடைதான்," என்றாள் ஒச்சம்மா. "பொழச்சுக்கும்."

சமர்ப்பி என்ற பொத்தானை அமுக்கியபோது மணி நாலு ஐம்பது. செவ்வந்தி பட்டாப் படிவத்துக்குத் திரும்பி, சித்தப்பா பெயரை அடித்து, சொந்த ஊரை அடித்து, தேடச் சொன்னாள். வட்டம் சுற்றியது. வெளியே காலிக் குடங்கள்கூடச் சத்தம் போடவில்லை. பதிவு வந்தது. பேர், தகப்பன் பேர், மீசை, ஊர், எல்லாம் வந்தது. அச்சுக்குப் போட்டாள், காகிதம் வந்தது. மொக்கைச்சாமி அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பி மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு," என்றார். அப்புறம் வாசலைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "இருக்கேன்ல. பாத்துக்கங்கய்யா. இருக்கேன்" என்றார்.

பத்து நிமிஷத்தில் அறுபத்துமூன்று விண்ணப்பங்களை ஏற்ற முடியாது என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மையத்துச் சுவர்க் கடிகாரம் கடைசி விண்ணப்பம் ஏறும்வரை ஐந்தடிக்கவில்லை என்பதை மட்டும் நான் சொல்லிவைக்கிறேன். அறுபத்துமூன்று காகிதமும் காய்ந்தே வந்தன. தகரத் தாம்பாளத்தில் கடைசியாக நின்ற ஓர் உள்ளங்கைத் தண்ணீரை யாரோ வாளியில் இன்னும் நீந்திக்கொண்டிருந்த அயிரை மீனுக்கு விட்டார்கள்.

திங்கட்கிழமை செவ்வந்திதான் வந்து மையத்தைத் திறந்தாள், ஏனென்றால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் யாரும் வரவில்லை. முதல் ஆளாகச் சௌந்தரபாண்டி உள்ளே வந்தார், கையில் ஒரு பழைய கோப்பு. அணையிலிருந்து தாழம்பேட்டைக்குக் குழாய் கேட்டு ஏழு வருஷமாக அவர் போட்டுவந்த விண்ணப்பம். நீர்த்தேக்கம் எந்த ஊர் எல்லையில் இருக்கிறது என்று கேட்கிற இடத்தில், ஒவ்வொரு தடவையும் 'பதிவுகள் ஏதும் இல்லை' என்று திரும்பி வந்தது. அவரும் அதே கதவில்தான் ஏழு வருஷம் முட்டியிருக்கிறார், கதவுக்குப் பின்னால் யார் கிடக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா," என்றார்.

"ஊர்ப் பேரு சொல்லுங்க."

"அதான்... மேட்டுக் காலனி ஆளுங்களோட..."

"அப்பிடி ஒரு ஊரு இதுல இல்லண்ணே."

அவர் கோப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "கொழுஞ்சிப்பட்டி," என்றார்.

செவ்வந்தி அடித்தாள். கொழுஞ்சிப்பட்டி வந்தது, எல்லையோடு, சர்வே எண்ணோடு, மாரியம்மன் கோயிலோடு, மேலே நிற்கிற அணைத் தண்ணீர் முழுவதோடும் வந்தது. கீழே ஒரு கட்டம் திறந்து, ஊரின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஊருக்கு வயசு மூன்று நாள், மைனர், ஆகவே தாயின் கைநாட்டு வேண்டும் என்றது.

"காலனில மேல வரிசை, கடைசி வீடு," என்றாள் செவ்வந்தி. "குழாய் மொதல்ல அவுக வாசல்ல நின்னுட்டுத்தான் கீழ இறங்கணும்னு சொல்லுவாக. சம்மதம்னா போங்க."

சௌந்தரபாண்டி மேடேறிப் போனார். ஒச்சம்மா வீட்டு வாசலில், பிறந்த ஊருக்குச் சீர் கொண்டுவந்த காலனிப் பெண்கள் தாம்பாளங்களோடு தெருக்கோடிவரை நின்றார்கள். தலைவர் கோப்போடு பக்கவாட்டில் நுழையப் பார்த்தார்.

"தம்பி," என்றாள் ஒச்சம்மா, உள்ளே இருந்தபடியே. "கடைசில போயி நில்லுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம்."